அலோசி வீட்டுச் சிப்பி

செப்டெம்பர் 24, புதன்

கடிதம் வந்துவிட்டது. ஒருவழியாக!

வள்ளக்காரன் மடுத்தீன் தபால் பையோடு கரையிறங்கி, இந்தக் கடிதத்தை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து தந்தான். தந்தவன் போகவில்லை. இந்தத் தீவில் கடிதம் பிரிப்பவனைத் தனியாக விடுகிற வழக்கம் கிடையாது.

"கொழும்புக் கடிதம் சுவாமி. நல்ல செய்தியோ?"

"மாற்றம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். பின்னே உமக்கே?"

அவன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. நான் அதைப் பார்க்காத மாதிரி வாசித்தேன். ஒக்டோபர் இருபதாம் தேதி இங்கிருந்து புறப்பட வேண்டும். கொழும்பில் பெரிய பங்குக் கோயில். ஞாயிறுக்கு ஐந்து பூசை, மூன்று மொழி, ஒரு பாடசாலை, ஒரு ஆஸ்பத்திரி. "காட்டுங்கோ பாப்பம்" என்று மடுத்தீன் கையை நீட்டினான். "உங்கள் வேண்டுகோளைப் பரிசீலித்து" என்று தொடங்கும் முதல் வரியை உள்ளுக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டுதான் காட்டினேன்.

மூன்று தரம் எழுதிக் கேட்டது யாருக்கும் தெரியத் தேவையில்லை. பத்து வருடம் இந்த வாடைத்தீவில் கிடந்தவன், முழங்கால் தேய்ந்தவன், இன்னும் நீந்தத் தெரியாதவன். கேட்டால் என்ன பிழை?

சந்தோஷமாக இருக்கிறேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்திலும் அப்படி வரும்.

செப்டெம்பர் 26, வெள்ளி

புத்தக அலுமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். மறையுரைக் குறிப்புகள் ஏழு வருடத்துடையவை மண்ணாகிவிட்டன. ஒன்றையும் இழந்ததாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டு எரித்தேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து அறைக்கும் கோயிலுக்கும் நடந்தபடி இருக்கிறேன்.

மீன் வந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா.

செப்டெம்பர் 28, ஞாயிறு

பூசை முடிவில் அறிவித்தேன். இரண்டு வரிதான் சொல்ல நினைத்தேன், இரண்டு வரிதான் சொன்னேன். பெண்கள் பக்கம் அழுகை. ஆண்கள் எல்லாரும் என்னை விட்டுவிட்டுக் கோயில் மூப்பர் சவிரியானைப் பார்த்தார்கள். மூப்பர் எழுபது வயதில் பந்தல் காலைப் போல விறைத்து நின்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "இது அநியாயம் சுவாமி. எங்களை ஒரு சொல்லுக் கேட்டவையோ? கொழும்பில இருக்கிறவைக்கு இஞ்சத்தை நிலைமை என்ன தெரியும்? நாங்கள் மகஜர் எழுதப் போறம்."

"வேண்டாம் மூப்பர். சபை சொன்னால் போறதுதான் எங்கட வேலை."

"உங்கட வாயால நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள். உங்கட மனம் எங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. தெரிந்திருந்தால் மகஜர் எழுதமாட்டீர்கள். அதைச் சொல்லவில்லை. "வெயில் ஏறுது, போய்ச் சாப்பிடுங்கோ" என்றேன்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

அடுத்து வருகிறவர் இளம் குரு, மலைநாட்டுக்காரர், கடலைப் பார்த்து வளராதவர். அவருக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கிணற்றுத் தண்ணீர், சூரிய மின்கலம், போன் பேசுவதென்றால் மணிக்கூண்டின் கிழக்குப் பக்கம் மட்டும், மழைக்கு ஒழுகும் மூலை. பிறகு மணி. அதை அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்.

"தீவைச் சுற்றிப் பாறைத்திட்டு. வள்ளங்கள் உள்ளே வர ஒரேயொரு வாய்க்கால்தான். மழை இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது; கோயில் மணிச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஆகவே காற்று எழும்பினால் மணி அடிக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கையளவு சிப்பி ஒன்று உண்டு. உள்ளே அந்த வீட்டின் அடையாளம் தாரினால் போட்டிருக்கும். தங்கள் ஆள் கரையேறியதும் வீட்டுப் பெண் ஓடிவந்து கோயில் படிமேடையில் தன் இடத்தில் சிப்பியை வைப்பாள். மேடையில் இடைவெளி இல்லையென்றால் எல்லாரும் வந்தாயிற்று. ஆனாலும் உடனே நிறுத்தக் கூடாது. குருவானவர் ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரர் 'கரையேறியாச்சு' என்று வாயால் சொல்ல வேண்டும். கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் மணியை நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தச் சொல்லும் உரிமை குருவானவருக்கு மட்டும்."

கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பதிவேடுகளை எடுத்தேன். ஞானஸ்நானப் பதிவு சரி. திருமணப் பதிவு சரி. மரணப் பதிவில் போன கார்த்திகையில் ஒரு வரி முடியாமல் கிடக்கிறது. பெயர் அலோசியஸ், வயது முப்பத்தெட்டு, மனைவி றெஜினா. காரணம் என்ற கட்டம் வெறுமை. நாளைக்கு எழுதலாம் என்று மூடிவைத்தேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

மீன். இன்றைக்கு விளைமீன் இரண்டு, செதில் தட்டிக் கழுவி, வாழை இலையில் சுற்றி. றெஜினாதான். புருஷன் போனதிலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை. அலோசியின் தம்பியுடைய வள்ளத்தில் பங்கு வாங்கி, அதில் நல்லதை எனக்குக் கொண்டுவருகிறாள். தருகிறாள், தலையைக் குனிகிறாள், போகிறாள். ஒரு சொல் கிடையாது.

"உமக்கே பத்தாது பிள்ளை, ஏன் இது?" என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன்! கேட்கிறவளாக இல்லை. அந்த மீனை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. மூப்பர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நல்ல ருசியாம்.

மாலை மூப்பர் மகஜரைக் கொண்டுவந்து காட்டினார். காட்டக் கூடாதுதான், பெருமை தாங்கவில்லை. எல்லா வீடும் கையெழுத்து வைத்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல்.

"ஒரு வீடுதான் இல்லை," என்றார். "றெஜினா மாட்டாளாம். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறாளில்லை. விசரி."

"விடுங்கோ. அவளை வற்புறுத்தாதையுங்கோ" என்றேன். குரல் எனக்கே ஒரு மாதிரிக் கேட்டது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேறென்ன?

ஒக்டோபர் 5, ஞாயிறு

பிரசங்கம் நடுவில் மறந்துபோனது. இன்னும் பதினைந்து நாள்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு வடக்கு கறுத்தது. வானிலை அறிவிப்பு ஒன்றும் சொல்லவில்லை. காற்று பனைகளைப் பிடித்து உலுக்கத் தொடங்கியதும் மூப்பர் மணிக் கயிற்றைப் பிடித்துவிட்டார். நானும் ஓடினேன். மழை சாய்வாக அடித்ததில் கடலே தெரியவில்லை.

ஒவ்வொருத்தியாக ஓடிவந்து சிப்பி வைத்தார்கள். மூன்றரைக்கு மேடை நிரம்பியது. பெயர் கூப்பிட்டேன். எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்தது. மூப்பர் கயிற்றோடு என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்கால் கூப்பிடுறன்" என்றேன்.

இரண்டாம் தரமும் பதில் வந்தது. நான் மூன்றாம் தரம் தொடங்கினேன். ஜனம் நனைந்துபோய் ஒருவரையொருவர் பார்த்தது. மூப்பருக்குக் கை ஓய்ந்துவிட, கயிற்றை நான் வாங்கி அடித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேனோ தெரியாது. மழை விட்டு, வெயிலும் எறித்துவிட்டது. மடுத்தீன் என் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"சுவாமி! நான் இஞ்ச நிக்கிறன். எல்லாரும் இஞ்சதான் நிக்கினம். கடலில மீன் மட்டும்தான் மிச்சம். காணும், விடுங்கோ!"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துக் கயிற்றை விட்டேன். றெஜினா கூட்டத்துக்குப் பின்னால், கோயில் சுவரோடு நின்றாள். அவள் வீட்டிலிருந்து இப்போது கடலுக்குப் போக ஆளில்லை. ஆனாலும் மணி அடித்தால் வருகிறாள். அவள் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துக் கிடக்கிறது. பேனா பிடிக்கச் சிரமம்.

ஒக்டோபர் 8, புதன்

எழுதிவிடுகிறேன். இந்தத் தீவில் நான் ஒருவன்தான் குரு. எல்லாரும் என்னிடம் வந்து இறக்கிவைத்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படி ஒருவர் இல்லை. யாழ்ப்பாணம் போனபோதெல்லாம் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி, மழைக்கு ஒழுகும் கூரை, எல்லாம் சொன்னேன்.

போன கார்த்திகை. அன்றைக்கும் பின்னேரம்தான். எனக்குக் காய்ச்சல். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணி. மழையில் இரண்டு மணி நேரம் நின்று பற்கள் அடித்தன. மேடையைப் பார்த்தேன். நிரம்பியிருப்பதாகப் பட்டது. பெயர் கூப்பிடவில்லை. "எல்லாம் வந்திட்டுது, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் றெஜினாவின் கத்தல். மணியைத் திரும்ப அடித்தோம், பொழுதுபட்டும் அடித்தோம். மறுநாள் விடிய அலோசியை வடக்குப் பாறையில் கண்டெடுத்தார்கள். வாய்க்காலைத் தவறவிட்டு எதிர்ப்பக்கம் போயிருக்கிறான். மணி கேட்டிருந்தால் போயிருக்கமாட்டான்.

மேடையில் ஒரு இடம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. என் காய்ச்சல் பார்க்கவில்லை. ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. "கடல் கொண்டுபோயிட்டுது" என்றார்கள். பூசை வைத்தேன். அடக்கம் செய்தேன். அடுத்த வெள்ளி அவள் மீன் கொண்டுவந்தாள்.

அடுத்த மாதம் மாற்றம் கேட்டு எழுதினேன். முழங்கால் என்று காரணம் காட்டினேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மணிக்கூண்டின் கிழக்குப் பக்கம் நின்றபோது கொழும்பிலிருந்து சபைத் தலைவரின் அழைப்பு. மகஜர் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

"லெயோ, நீர் போகவேணும் எண்டு கேக்கிறீர். சனம் விடமாட்டம் எண்டு கேக்குது. இவ்வளவு கையெழுத்தை நான் இதுவரையில் பார்த்ததில்லை. இப்ப சொல்லும், இருக்கிறீரோ? இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்."

"இல்லை, வாறன்" என்றேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஒக்டோபர் 15, புதன்

காலை பத்து மணிக்கு றெஜினா வந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை. கையில் மீனும் இல்லை. அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஃபாதர், உங்களோட கதைக்கோணும்."

"கோயிலுக்குள்ள வாரும்" என்றேன். பாவசங்கீர்த்தனம் என்று நினைத்தேன்; அதில் கேட்டதைக் குரு வெளியில் சொல்லக் கூடாது.

"வேண்டாம். அங்க வைச்சுச் சொன்னா நீங்கள் திருப்பி ஒண்டும் கதைக்க ஏலாது. இஞ்ச சும்மா சொல்லுறன். நீங்கள் ஆருக்கும் சொன்னாலும் பறவாயில்லை."

அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நான் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. நான்தான் உட்கார்ந்தேன். வந்துவிட்டது, கேட்கப் போகிறாள் என்று எண்ணினேன். சொல்லப்போனால் ஒரு நிம்மதிகூட வந்தது. கேள் பிள்ளை, கேட்டுவிடு.

"அண்டைக்கு நான்தான் சிப்பி வைச்சனான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"மழை இருட்டுக்குள்ள ஒரு நீல வள்ளம் வந்தது ஃபாதர். முன்னுக்கு வெள்ளைக் கோடு. இவர்தான் எண்டு நினைச்சிட்டன். இவரின்ரை தம்பியும் அதே நிறம்தானே அடிச்சு வைச்சிருந்தவன். அடுப்பில கஞ்சி கிடந்தது, பிள்ளை தனிய. ஓடிவந்து சிப்பியை வைச்சிட்டு ஓடிப்போயிட்டன். இறங்கிறவரை நிண்டு பாக்கேல்லை. நிண்டு பாத்திருக்கோணும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"இன்னும் சொல்லி முடியேல்லை. மணி நிண்டிட்டுது. கஞ்சியை இறக்கி வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறன், தம்பிக்காரன் தனிய வாறான். 'அண்ணன் எங்க?' எண்டு கேக்கிறான். கோயிலடிக்கு ஓடினன். சனம் போயிட்டுது. எங்கட சிப்பி மேடையில கிடக்குது. ஃபாதர், கத்த முன்னம் நான் அதை எடுத்தனான். எடுத்துச் சட்டைக்குள்ள வைச்சிட்டுத்தான் கத்தினனான்."

அப்போதுதான் அழுதாள். நின்றபடியே, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்து விழுந்தது. மேடை நிரம்பித்தான் இருந்திருக்கிறது! நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்! எழுந்து கும்பிட வேண்டும் போல் இருந்தது. சீ. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

பிறகுதான் மற்றது உறைத்தது. அவள் அடுப்படியில் இருந்திருக்கிறாள். நான் "அலோசி வீடு?" என்று கூப்பிட்டிருந்தால் பதில் வந்திராது. ஒரு பதில் வராவிட்டால் மணி நிற்காது. அதற்காகத்தான் பெயர் கூப்பிடுகிற வழக்கத்தையே வைத்திருக்கிறார்கள்.

சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், போர்வையைச் சொன்னேன், கூப்பிடாமல் போனதைச் சொன்னேன். "நான்தான் ஒரு இடத்தைக் காணாமல் விட்டிட்டன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் இதாலயோ போறியள்?"

"ஓம்."

"சபை மாத்தினது எண்டு சொன்னியள்."

"நான் கேட்டனான். மூன்று தரம்."

அவளுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு வருசம் ஃபாதர்! வெள்ளிக்கு வெள்ளி உங்கட வாசலுக்கு வந்தனான். இண்டைக்குச் சொல்லுவம், இண்டைக்குச் சொல்லுவம் எண்டு மீனைத் தூக்கிக்கொண்டு வருவன். நீங்கள் எரிஞ்சு விழுவியள். வாய் வராது, திரும்பிப் போவன். 'றெஜினா, அண்டைக்குச் சிப்பி வைச்சனீரோ?' எண்டு ஒரு சொல்லு நீங்கள் கேட்டிருக்கலாமே! ஒரு சொல்லு!"

"கேக்கப் பயந்தனான் பிள்ளை."

"நானும்தான் பயந்தனான். எனக்கு ஆர் இருக்கினம் பயத்தைச் சொல்ல? நீங்கள்தானே இருந்தனீங்கள்."

குனிந்து கொப்பளம் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகஜரில் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்டேன். "எந்த முகத்தோட வைக்கிறது?" என்றாள்.

"நான் நிக்கட்டே றெஜினா? சபைத் தலைவர் நிக்கலாம் எண்டுதான் சொன்னவர்."

யோசித்தாள். தலையை ஆட்டினாள். "வேண்டாம். போங்கோ. எனக்காக நிண்டியள் எண்டால் எனக்கு இன்னொரு பாரம். போங்கோ ஃபாதர்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். குடித்துவிட்டுத்தான் போனாள்.

ஒக்டோபர் 16, வியாழன்

மரணப் பதிவேட்டை எடுத்தேன். காரணம்: கடல். கையெழுத்துப் போட்டேன். அது முழு உண்மை இல்லை, ஆனால் அந்தக் கட்டம் சிறியது.

பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறேன். குடையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

மீன் வந்தது. ஓரா மீன். நானே பொரித்தேன், ஒரு பக்கம் கருகிவிட்டது. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

கடைசிப் பூசை. மாலை, பொன்னாடை, பாட்டு. மூப்பர் வாழ்த்துப் பத்திரம் வாசித்தார். அதில் நான் கர்த்தருக்கு அடுத்தபடியாக இருக்கிறேன். இனித் தாங்காது என்று எழும்பினேன்.

"போன கார்த்திகையில நான் பேர் கூப்பிடேல்லை" என்றேன். "காய்ச்சலில போய்ப் படுத்திட்டன். அதாலதான் இந்த மாற்றத்தை நானே கேட்டனான். உங்களைப் பொய் சொல்லி அழவிட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

றெஜினா சொன்னதைச் சொல்லவில்லை. அது அவளுடையது.

வெளியில் கடற்காகம் ஒன்று விடாமல் கத்தியது. மூப்பர் பத்திரத்தை நான்காக மடித்தார்.

"எங்களுக்குத் தெரியும் சுவாமி."

"என்ன?"

"நாங்களும் அங்கதானே நிண்டனாங்கள். நீங்கள் பேர் கூப்பிடேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நனைஞ்சு, விறைச்சு, வீட்ட போவம் எண்டு நிண்டம். 'சுவாமி, பேர் கூப்பிடேல்லை' எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. கயிறு என்ரை கையிலதான் இருந்தது." அவர் குரல் உடைந்தது. "உங்களை எப்பிடிக் கேக்கிறது?"

ஊர் முழுக்க ஒரு வருடமாக இதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்திருக்கிறது. வந்து வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டில் கூழ் நன்றாக இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய். கொழும்பு

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. அறை ரோட்டுப் பக்கம். பஸ் ஹோர்ன் ஓயவில்லை.

காலை ஏழு மணிக்கு மடுத்தீன் வள்ளத்தில் ஏற்றினான். கரையில் எல்லாரும் நின்றார்கள். றெஜினாவைக் காணவில்லை. கோபம் ஆறவில்லை என்று நினைத்தேன், அது நியாயம்தான். ஏறும்போது மூப்பர் என் கையைப் பிடித்து, "போய்ச் சேந்தவுடன போன் எடுங்கோ" என்றார். "எடுக்கிறன், எடுக்கிறன்" என்றேன்.

பாதிக் கடலில் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் செபத்தையும் சொன்னேன். மடுத்தீன் சிரித்தான். பின்னால் மணி கேட்கத் தொடங்கியது.

"ஆரோ கடலில நிக்கினம் போல" என்றேன்.

"ஓம். நாங்கள்தான்" என்றான் மடுத்தீன்.

கரையேறியபோது இடுப்பு வரை ஈரம். அவன் தன் போனில் தீவுக்கு எடுத்து, "சுவாமியை இறக்கிப்போட்டன், காற்று ஓயத்தான் திரும்புவன்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சரி, விஷயம் போய்விட்டது என்று நான் பஸ் பிடிக்க ஓடினேன். என் போனில் சார்ஜ் இல்லை. பெட்டி கட்டுகிற அவசரத்தில் சார்ஜ் போட மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏறித் தூங்கிப்போனேன்.

வவுனியாவில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றது. மணி இரண்டரை. கடைக்காரரிடம் கேட்டுப் போனைச் சார்ஜில் போட்டு, ஒரு தேத்தண்ணிக்குச் சொன்னேன். போன் உயிர் வந்ததும் துள்ளத் தொடங்கிவிட்டது. தவறிய அழைப்பு முப்பத்தொன்று. எல்லாம் மூப்பர் நம்பர். பதறிப்போய் எடுத்தேன்.

"சுவாமி! எங்க நிக்கிறியள்?" மூப்பர் கத்தினார். அவர் குரலுக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஆர் இன்னும் கடலில? என்ன நடந்தது மூப்பர்?"

"ஒருத்தரும் இல்லை! காற்று பத்து மணிக்கே விட்டிட்டுது. இவள் றெஜினா விடுறாளில்லை. விடியவே வந்து மணிக்கூண்டில ஏறி நிண்டவள். மடுத்தீன் சொல்லிப்போட்டான், சுவாமி இறங்கிட்டார், விடு பிள்ளை எண்டு நானும் சொல்லிப் பாத்திட்டன். கேக்கிறாளில்லை. தான் பிழையாச் சிப்பி வைச்ச கதையையும் எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். பெண்டுகள் மாறி மாறிக் கயித்தைப் பிடிக்கினம். சாப்பாடும் இல்லை. நீங்களே கதையுங்கோ."

ஏழு மணி நேரம்! நான் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

போன் கை மாறியது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"றெஜினா, நான் வந்திட்டன் பிள்ளை. மடுத்தீன் சொன்னவர்தானே?"

"மடுத்தீன் அண்ணன் சொன்னவர்தான். அண்டைக்கு என்ரை கண்ணும்தான் சொன்னது." மணி அவள் குரலுக்குக் குறுக்கே அடித்தது. "நீங்கள் இருந்த பங்குமனைக்குச் சிப்பி இல்லை ஃபாதர். எங்கட வீட்டுச் சிப்பியைக் கையில வைச்சிருக்கிறன். பொறுங்கோ. நான் பேர் கூப்பிடோணும்."

கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் போனைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். கோயில் முற்றத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"லெயோ சுவாமி வீடு?"

"கரையேறியாச்சு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"லெயோ சுவாமி வீடு?"

"கரையேறியாச்சு!" வவுனியா பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "கரையேறியாச்சு பிள்ளை, கரையேறியாச்சு!"

சிமெந்து மேடையில் சிப்பி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மணி நின்றது.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்டக்டர் வந்து, "சுவாமி, பஸ் வெளிக்கிடப் போகுது, ஏறுங்கோ" என்று தோளைத் தொடும்வரை அப்படியே நின்றேன்.